கூடிக்கொண்டே போகும் நோய்: எந்த உதவிக்கு எப்போது விண்ணப்பிப்பது?

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2016 இறுதியில் உறுதியானது. அப்போது வயது 49. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். இடக்கையில் லேசான நடுக்கம், சட்டைப் பொத்தான் போட முன்பைவிட இரண்டு நிமிடம் கூடுதல், கையெழுத்து வரவர எறும்பு அளவுக்குச் சிறுத்துப்போனது. அவ்வளவுதான். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த மாத்திரை பல வருடம் நன்றாகவே கைகொடுத்தது.

அந்த நல்ல வருடங்களில் நாங்கள் விண்ணப்பங்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. "முடியாமப் போகும்போது பாத்துக்கலாம்" என்றார் அம்மா. நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் உதவிகளில் சில, முடியாமல் போன பிறகு சேரவே முடியாதவை. சில, கொஞ்சம் முடியாமல் போனாலே கிடைப்பவை. சில, ஏறக்குறைய முழுவதும் முடியாமல் போனால்தான் கிடைப்பவை. இந்த வரிசை தெரியாமல் எங்கள் வீட்டில் இரண்டு வருட மானியம் கைநழுவிப் போனது. பார்க்கின்சன், மோட்டார் நியூரோன் நோய், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், மறதி நோய் என்று படிப்படியாகக் கூடும் நோயோடு வாழும் குடும்பங்களுக்காக, கண்முன் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒரே நோய், இரண்டு அளவுகோல்

எல்லாத் திட்டங்களும் உடற்குறையை ஒரே மாதிரி அளப்பதில்லை. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு பக்கம், "இனி இவரால் எந்த வேலைக்காவது போக முடியுமா" என்று கேட்கும் திட்டங்கள். சிபிஎஃப் என்ற மத்திய சேமநிதியை ஒட்டியவை பெரும்பாலும் இந்தப் பக்கம்: குடும்பத்தாருக்கான பாதுகாப்புத் திட்டமான டிபிஎஸ், வீட்டுக் கடனுக்கான எச்பிஎஸ், மருத்துவக் காரணத்துக்காக சிபிஎஃப் பணத்தை எடுப்பது. இன்னொரு பக்கம், அன்றாடக் காரியங்கள் ஆறில் எத்தனை முடியவில்லை என்று எண்ணும் திட்டங்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக் காரியங்கள், வீட்டுக்குள் நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறுதான்.

இந்த ஆறிலும் படிகள் உண்டு. ஒரே ஒரு காரியத்துக்கு உதவி தேவை என்றாலே, பணிப்பெண் வைத்திருப்பதற்கு அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் தீர்வையில் சலுகை கேட்கலாம். மூன்று காரியங்களுக்கு எப்போதும் ஏதாவது ஓர் உதவி தேவை என்றால் வீட்டுப் பராமரிப்பு மானியம். கைத்தடி, சக்கர நாற்காலி எல்லாம் இருந்தும், மூன்று காரியங்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை இன்னொருவர் கைகொடுத்தால்தான் செய்ய முடியும் என்றால், அதைக் கடுமையான உடற்குறை என்பார்கள். கேர்ஷீல்டு லைஃப், எல்டர்ஷீல்டு என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதிகள், மெடிசேவ் கேர், எல்டர்ஃபண்ட் என்ற உதவிகள், இந்த நான்கும் அந்த உச்சிப்படியில்தான் திறக்கின்றன.

கூடிக்கொண்டே போகும் நோயில் முதலில் பறிபோவது வேலை. அப்பா 2018-இல் ஸ்டியரிங்கை விட்டார். கொஞ்ச காலம் டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். 2021-இல் அதுவும் முடியவில்லை. ஆனால் அப்போதும் தானே குளித்தார், தானே சாப்பிட்டார். வேலை போனதற்கும் மூன்று காரியங்கள் முழுவதும் கைவிட்டுப் போனதற்கும் இடையில் நாலு வருட இடைவெளி. வருமானம் இல்லாத அந்த நாலு வருடத்தை எதை வைத்துக் கடப்பது என்பதுதான் எங்கள் வீட்டில் உண்மையான கேள்வியாக இருந்தது.

எல்டர்ஷீல்டிலேயே இருப்பதா, கேர்ஷீல்டுக்கு மாறுவதா

1980-இலோ அதற்குப் பிறகோ பிறந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்தக் கேள்வி இல்லை. 2020 அக்டோபரில் கேர்ஷீல்டு லைஃப் தொடங்கியதிலிருந்து, 30 வயதானதும் அவர்கள் தானாகவே அதில் சேர்ந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே நோய் இருந்தாலும் சரி, உடற்குறை இருந்தாலும் சரி.

1979-இலோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கு அது விருப்பத் தேர்வு. அவர்களில் பலரிடம் பழைய எல்டர்ஷீல்டு இருக்கும். 1970 முதல் 1979 வரை பிறந்து எல்டர்ஷீல்டு 400 வைத்திருந்தவர்களில், கடுமையான உடற்குறை இல்லாதவர்களை அரசாங்கமே கேர்ஷீல்டுக்கு மாற்றியது. அப்பா 1967. நாங்களேதான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2002-இல் வந்த எல்டர்ஷீல்டு 300 மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் அதிகபட்சம் 5 வருடம் தரும். 2007-இல் வந்த எல்டர்ஷீல்டு 400 மாதம் 400 வெள்ளி வீதம் 6 வருடம் தரும். அதாவது 72 மாதம், மொத்தம் 28,800 வெள்ளி. அதோடு முடிந்தது. கேர்ஷீல்டு லைஃப் மாதம் 600 வெள்ளியில் தொடங்கி ஆண்டுதோறும் கூடி, 2025-இல் 662 வெள்ளி ஆனது. கடுமையான உடற்குறை நீடிக்கும்வரை, வாழ்நாள் முழுவதும் வரும். 662 வெள்ளிக் கணக்கில், நாலு வருடம் முடிவதற்குள்ளேயே எல்டர்ஷீல்டு 400-இன் மொத்தத் தொகையைத் தாண்டிவிடும். பார்க்கின்சன் போன்ற நோயில் ஒருவர் இந்த நிலையில் பல வருடம் இருக்கலாம். ஆறாவது வருட முடிவில் உதவி நின்றுபோவது என்பது, நோய் மிக மோசமான கட்டத்தில் இருக்கும்போது குடும்பம் வெறுங்கையோடு நிற்பது.

கேர்ஷீல்டுக்குப் பிரீமியம் கூடுதல்தான். வயது ஏறிச் சேர்ந்தால் இன்னும் கூடுதல். ஆனால் முழுவதையும் சிபிஎஃப்பின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்தே கட்டலாம், குடும்பத்தாரின் மெடிசேவிலிருந்தும் கட்டலாம். அப்பாவுக்கு நான் என் மெடிசேவிலிருந்து கட்டினேன்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நோய் இருப்பது கேர்ஷீல்டில் சேரத் தடை கிடையாது. கடுமையான உடற்குறை வந்துவிட்டால்தான் தடை. பார்க்கின்சன் என்று எழுதி வாங்கிய மறுநாள்கூட ஒருவர் சேரலாம். ஆனால் மூன்று காரியங்கள் கைவிட்டுப் போன மறுநாள் சேர முடியாது. தனியார் நிறுவனங்கள் விற்கும் கேர்ஷீல்டு துணைத் திட்டங்கள் அப்படியல்ல. அவை உடல்நிலையைத் துருவிக் கேட்கும், நோய் உறுதியானவரை அநேகமாக ஏற்காது. நானும் தம்பியும் எங்களுக்கு அதை வாங்கியிருக்கிறோம். ஆண்டுக்கு 600 வெள்ளிவரை மெடிசேவிலிருந்து கட்டலாம். அப்பாவுக்கு அந்தக் கதவு 2016-இலேயே மூடிவிட்டது. அரசாங்கத்தின் கதவு இன்னும் திறந்திருந்தது. 2022-இல் அவரைச் சேர்த்தோம்.

இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 1979-க்குள் பிறந்த ஒருவருக்குக் கூடிவரும் நோய் தெரிந்துவிட்டது, இன்னும் தானாக நடமாடுகிறார் என்றால், மற்ற எதைப் பார்ப்பதற்கும் முன்னால் கேர்ஷீல்டில் சேருங்கள்.

காத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்குமா

எங்கள் சித்தப்பா இதைத்தான் கேட்டார். கேர்ஷீல்டு தொகை வருடாவருடம் ஏறுகிறது. பணம் வரத் தொடங்கிய வருடத்தின் தொகை அப்படியே நிலைத்துவிடுகிறது. அப்படியென்றால் ஒரு வருடம் தள்ளிப் போட்டால் கூடுதலாக வருமே? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026-இலிருந்து 2030 வரை தொகை ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது. 2026-இல் 689 வெள்ளி. ஒரு வருடம் தள்ளிப் போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 28 வெள்ளி கூடும். ஆனால் அந்த ஒரு வருடத்தில் விட்டுக்கொடுப்பது 12 மாதத் தொகை, 8,268 வெள்ளி. மாதம் 28 வெள்ளியாக அதை மீட்டெடுக்க 24 வருடத்துக்கும் மேல் ஆகும். அதோடு, கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டால் பிரீமியமும் கட்ட வேண்டாம். தகுதி வந்த பிறகு காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

தகுதி வருவதற்கு முன்பே போய் நிற்பது வேறு கதை. அதற்கு வருகிறேன்.

மதிப்பீட்டு நாள்

கடுமையான உடற்குறை இருக்கிறதா என்பதை, சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் ஒருவர் பார்த்து எழுத வேண்டும். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பான ஏஐசி நடத்தும் இணையத்தளத்தில், சிங்பாஸ் என்ற மின்னடையாளம் வழியாக விண்ணப்பிக்கலாம். முதல் மதிப்பீடு எங்களுக்கு இலவசம்.

2024-இல் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மருந்தகத்தில் நேரம் கிடைத்தது. அப்பா ஐந்தரைக்கே எழுந்துவிட்டார். அம்மா உதவியோடு குளித்து, சவரம் செய்து, தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். ஒன்பது மணிக்கு மாத்திரை. பத்து மணிக்கு மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம். மதிப்பீட்டாளர் எழுந்து நிற்கச் சொன்னார், நின்றார். நடக்கச் சொன்னார், நடந்தார். "சாப்பிடுவீங்களா?" என்றதற்கு "சாப்பிடுவேன்" என்றார். "சட்டை போடுவீங்களா?" "போடுவேன்." வேறொரு ஆளுக்கு முன்னால் 'என்னால் முடியாது' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இருபத்தைந்து வருடம் முழுப் பேருந்தையும் பத்திரமாக ஓட்டிச் சென்றவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னாலும் அவரை மறுத்துப் பேச முடியவில்லை.

முடிவு வந்தது: இரண்டு காரியங்கள் மட்டுமே. தகுதி இல்லை.

அன்று மாலை நாலு மணிக்கு அதே அப்பாவை யாராவது வந்து பார்த்திருக்க வேண்டும். மாத்திரையின் வீரியம் இறங்கியதும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்து நின்றார். சோபாவிலிருந்து தூக்க எனக்கும் அம்மாவுக்கும் பத்து நிமிடம் ஆனது. பார்க்கின்சன் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ஒரே நாளில் இரண்டு மனிதர்கள். மதிப்பீட்டாளர் பார்த்தது காலை மனிதரை மட்டும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கண்ணால் கண்டதை எழுதினார்.

அடுத்த முறை நாங்கள் செய்தவை இவை. மூன்று வாரம் ஒரு பள்ளி நோட்டில் எழுதினேன்: எந்த நேரத்துக்கு மாத்திரை, எப்போது உறைந்தார், யார் தூக்கினார்கள், எத்தனை முறை விழுந்தார், இரவில் கழிப்பறைக்கு எத்தனை முறை, சோறு யார் ஊட்டினார்கள். ஒன்றையும் கூட்டி எழுதவில்லை. அப்படி எழுதத் தேவையும் இருக்கவில்லை. மதிப்பீட்டாளரை வீட்டுக்கே வரவழைத்தோம், பிற்பகலில். நாங்கள் கட்டியபோது வீட்டு வருகைக்கு 250 வெள்ளி, மருந்தகத்துக்குப் போனால் 100 வெள்ளி. தகுதி உறுதியானால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது. அப்பாவிடமும் முந்தின நாள் இரவு பேசினேன். "நாளைக்கு நீங்க நல்லா இருக்கீங்கன்னு காட்டுறதுக்கு அவர் வரலப்பா. மோசமான நேரத்துல நமக்கு என்ன தேவைன்னு பாக்க வர்றார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அம்மா தூக்குறதையும் எழுதிக்கோ, அவ முதுகு போச்சு" என்றார்.

தகுதிக்கு முன்பே மதிப்பீட்டுக்குப் போவது தவறா என்று கேட்டால், பெரிய நஷ்டம் இல்லை, இலவச முறை ஒன்று போகும், அவ்வளவுதான். ஆனால் நோயாளிக்கு அதன் வலி இருக்கிறது. தான் எவ்வளவு முடியாதவன் என்று ஒரு அந்நியரிடம் நிரூபிக்கப் போய், அதிலும் 'தகுதி இல்லை' என்று திரும்புவது சின்ன விஷயம் இல்லை. மெதுவாகக் கூடும் நோய் என்றால், நோட்டில் மூன்று காரியங்கள் தெளிவாகத் தெரியும்வரை பொறுக்கலாம் என்பேன். வேகமாகக் கூடும் நோய் என்றால் பொறுக்கவே வேண்டாம்.

உச்சிப்படி வரும்வரை: மானியமும் தீர்வையும்

நாங்கள் இரண்டு வருடம் தவறவிட்டது இங்கேதான். மூன்று காரியங்கள் என்ற எண்ணைப் பார்த்ததும், வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கும் கேர்ஷீல்டுக்கும் ஒரே நிபந்தனை என்று நினைத்துக்கொண்டோம். முதல் மதிப்பீட்டில் தகுதி இல்லை என்று வந்த பிறகு, அப்பாவின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்தான் சொன்னார்: மானியத்துக்குக் காரியம் முழுவதும் ஒருவர் கைபிடிக்க வேண்டியதில்லை, எப்போதும் ஏதாவது உதவி தேவைப்பட்டால் போதும். பொத்தான் மட்டும் போட்டுவிடுவது, முதுகு மட்டும் தேய்த்துவிடுவது, எழும்போது ஒரு கை கொடுப்பது எல்லாம் கணக்கில் வரும். அதற்கான செயல்திறன் அறிக்கையை மருத்துவர் மட்டுமல்ல, பதிவுபெற்ற தாதி, உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் யாரும் நிரப்பலாம். அப்பாவை வாராவாரம் பார்க்கிறவரே நிரப்பினார். பொய்யும் இல்லை, பதற்றமும் இல்லை.

இந்த மானியம் 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கியது. 2023-இல் குடும்ப வருமானத்தைப் பொறுத்து 250 அல்லது 400 வெள்ளி ஆனது. 2026 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 600 வெள்ளி. வருமானத்தைக் குடும்பத் தலைகளால் வகுத்துப் பார்ப்பார்கள். தாதிமை இல்லத்தில் இருப்பவருக்குக் கிடையாது, வீட்டில் இருக்க வேண்டும். எங்களுக்கு 250 வெள்ளி கிடைத்தது. 2022-இலிருந்தே தகுதி இருந்தது என்று இப்போது தெரிகிறது. ஏறக்குறைய 5,000 வெள்ளி போனது போனதுதான்.

பணிப்பெண் வைத்திருப்பவர்களுக்குத் தீர்வைச் சலுகை இதற்கும் முந்தின படி. ஒரு காரியத்துக்கு உதவி தேவை என்று சான்று இருந்தால், மாதம் 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறையும். வருடத்துக்கு 2,880 வெள்ளி மிச்சம். 67 வயது ஆனவர் வீட்டில் இருந்தால் வயதுக்காகவே அந்தச் சலுகை உண்டு. நோய் அந்த வயதுவரை காத்திருப்பதில்லை, அதனால் சான்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆகவே கேர்ஷீல்டா மானியமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அவசியமே இல்லை. தீர்வைச் சலுகை, மானியம், கேர்ஷீல்டு என்ற வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். பின்னது வந்ததால் முன்னது போகாது.

வேலை போனதும் பார்க்க வேண்டியவை

டிபிஎஸ் என்பது சிபிஎஃப் உறுப்பினர்களுக்கான கால ஆயுள் காப்புறுதி. இறந்தால் மட்டும் பணம் வரும் என்றே பலரும் நினைக்கிறார்கள். மீளா நோயின் இறுதிக் கட்டத்துக்கும், முழுமையான நிரந்தர உடற்குறைக்கும் அது பணம் தரும். 60 வயதுக்குள் 70,000 வெள்ளி, அதற்குப் பிறகு 65 வரை 55,000 வெள்ளி. 2021 ஏப்ரலிலிருந்து கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் நடத்துகிறது. 'எந்த வேலையும் இனி நிரந்தரமாகச் செய்ய முடியாது' என்பதுதான் முக்கிய நிபந்தனை. அப்பா ஸ்டியரிங்கை விட்ட 2018-இல் கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள். டிப்போ வேலை செய்துகொண்டிருந்தாரே. அந்த வேலையும் முடியாமல் போய், நரம்பியல் மருத்துவர் தெளிவாக எழுதிக் கொடுத்த பிறகுதான் விண்ணப்பித்தோம்.

எச்பிஎஸ் இதைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடனை சிபிஎஃப்பிலிருந்து கட்டுபவர்களுக்கு இந்தக் காப்புறுதி இருக்கும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால், காப்புறுதி செய்த பங்குக்குரிய மீதிக் கடனை சிபிஎஃப் கழகமே அடைத்துவிடும். அந்தப் 'பங்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். கணவன் மனைவி ஆளுக்குப் பாதி என்று போட்டிருந்தால் பாதிக் கடன்தான் அடையும். உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று சிபிஎஃப் கணக்கில் இன்றே பார்த்துவிடலாம்.

இந்த இரண்டுக்கும் ஒரு பொதுவான ஆபத்து. பிரீமியம் சிபிஎஃப்பிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் என்பதால் அவற்றை யாரும் நினைப்பதில்லை. வேலை நின்றால் கணக்கில் புதுப் பணம் வராது. வீட்டுத் தவணை இருப்பதைக் கரைத்துக்கொண்டே போகும். இருப்பு வற்றிப் பிரீமியம் பிடிக்க முடியாமல் போனால் காப்புறுதி காலாவதியாகிவிடும். எந்த நாளுக்காக இருபது வருடம் கட்டினோமோ, அந்த நாளில் அது இல்லாமல் போகும். வேலையை விட்ட மாதமே இரண்டின் நிலையையும் பாருங்கள். குறைந்தால் ரொக்கமாகக் கட்டி உயிரோடு வைத்திருங்கள்.

மருத்துவக் காரணத்துக்காக சிபிஎஃப் பணத்தை எடுப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமை, ஆயுள் மிகவும் குறைந்துபோதல், மனத்திறன் இழப்பு, மீளா நோயின் இறுதிக் கட்டம் ஆகியவற்றுக்கு எடுக்க வழி இருக்கிறது. ஆனால் மற்றவை எல்லாம் வெளியிலிருந்து வரும் உதவி; இது அவருடைய சொந்தப் பணம். சிறப்புக் கணக்கில் 4 சதவீத வட்டியோடு இருக்கும் பணத்தை 52 வயதில் எடுத்துச் செலவழித்துவிட்டால், 70 வயதில் கட்டிலில் இருக்கும்போது எதை வைத்துச் சமாளிப்பது? கையில் சேமிப்பே இல்லாத குடும்பம் என்றால் நிலைமை வேறு, தயங்கக் கூடாது. எங்கள் வீட்டில் கடன் அடைந்ததும், டிபிஎஸ் பணம் வந்ததும் அந்த நாலு வருடத்தைக் கடக்கப் போதுமாக இருந்தது. சிபிஎஃப்பைத் தொடவில்லை.

வேகமாக வரும் நோய் என்றால்

மேலே சொன்ன பொறுமை எல்லாம் பார்க்கின்சனுக்கு. எங்கள் புளோக்கில் ஆறாவது மாடி அக்காவுக்கு மோட்டார் நியூரோன் நோய் வந்தது. அதில் பெரும்பாலோர் அறிகுறி தொடங்கிய இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் போய்விடுகிறார்கள். அக்கா 1984-இல் பிறந்தவர் என்பதால் கேர்ஷீல்டில் தானாகவே இருந்தார். அவர் விஷயத்தில் வரிசை ஒன்றும் பார்க்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே மாதத்தில் விண்ணப்பித்தார்கள். அதுதான் சரி. மாதத்துக்கு மாதம் ஒரு காரியம் கைவிட்டுப் போகும்போது, இன்றைக்குத் தகுதி இல்லை என்று வந்தாலும் நிலை மோசமானதும் மறுபடி கேட்கலாம். இப்படிப்பட்ட நோயில் சிபிஎஃப் பணத்தையும் முன்னதாகவே எடுப்பது தப்பில்லை. கணவரோடும் குழந்தையோடும் இருக்க அக்காவுக்கு அந்த நாள்கள்தான் இருந்தன.

அக்காவுக்குப் பேச்சு போன பிறகு, கண் அசைவில் எழுத்தைத் தேர்ந்து பேச உதவும் கருவி ஒன்று வந்தது. உடற்குறை உள்ளவர்களுக்கு உதவும் எஸ்ஜி எனேபில் அமைப்பு நடத்தும் உதவித் தொழில்நுட்ப நிதி இப்படிப்பட்ட சாதனங்களுக்கு, வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 சதவீதம்வரை தரும். ஒருவருக்கு வாழ்நாளில் 40,000 வெள்ளி உச்சவரம்பு. பேச்சு போவதற்கு முன்பே விண்ணப்பித்தால், பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

சுருக்கமாகச் சில

மெடிசேவ் கேர்: 30 வயதுக்கு மேல் கடுமையான உடற்குறை உள்ளவர், தன் மெடிசேவிலிருந்தோ கணவன் அல்லது மனைவியின் மெடிசேவிலிருந்தோ மாதம் 200 வெள்ளிவரை ரொக்கமாக எடுக்கலாம். இருப்பு 20,000 வெள்ளிக்குக் குறைந்தால் தொகையும் குறையும். 5,000 வெள்ளிக்குக் கீழே போனால் கிடையாது. கேர்ஷீல்டு மதிப்பீட்டிலேயே இதற்கும் தகுதி தெரிந்துவிடும். வாங்காமல் விடாதீர்கள், ஆனால் மருத்துவச் செலவுக்கு மெடிசேவில் எவ்வளவு வேண்டும் என்பதையும் பாருங்கள்.

எல்டர்ஃபண்ட் மாதம் 250 வெள்ளிவரை தரும். அது கேர்ஷீல்டு, எல்டர்ஷீல்டு எதிலும் இல்லாத, வருமானமும் மெடிசேவும் குறைவான குடிமக்களுக்கு. கேர்ஷீல்டில் சேரும் வாய்ப்பைத் தவறவிட்ட மூத்தவர்களுக்கு இதுதான் மிச்சம். அன்றாடச் சாப்பாட்டுக்கே நெருக்கடி என்றால் சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசாங்க நிதியுதவியைக் கேளுங்கள். அதற்கு எந்த மதிப்பீட்டு முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

ஊருக்கே போய்விடலாம் என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. திருச்சியிலோ தஞ்சாவூரிலோ ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வது மலிவு என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. வெளிநாட்டில் இருந்தாலும் கேர்ஷீல்டு தொகை பெறலாம். வீட்டுப் பராமரிப்பு மானியம் இங்கே வசிப்பவருக்குத்தான். இரண்டையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். வேலை அனுமதியில் இங்கே இருக்கும் தம்பிமாருக்கு இந்தத் திட்டங்கள் பொருந்தாது. அவர்கள் முதலாளியின் காப்புறுதியையும் ஊரில் உள்ள திட்டங்களையும்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் ஏஐசியின் 1800 650 6060 எண்ணை அழையுங்கள். பெரிய மருத்துவமனைகளில் அவர்களுடைய முகப்பும் இருக்கிறது.

கையெழுத்து இருக்கும்போதே

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பணமே தராத ஒரு பத்திரம் இருக்கிறது. எல்பிஏ என்று எல்லோரும் சொல்லும் நீடித்த அதிகாரப் பத்திரம். ஒருவர் தன் மனத்திறன் போனால் தன் பணத்தையும் பராமரிப்பையும் யார் பார்க்க வேண்டும் என்று, தெளிவாக இருக்கும்போதே எழுதிவைப்பது. பார்க்கின்சனிலும் பிற்காலத்தில் மறதி வரலாம். மறதி முற்றி மனத்திறன் போன பிறகு எல்பிஏ செய்ய முடியாது. அப்போது குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிரதிநிதியாக நியமிக்கக் கேட்க வேண்டும். அதற்குப் பணமும் மாதங்களும் வேண்டும். அதுவரை வங்கிக் கணக்கைத் தொட முடியாது, உதவித்தொகை கோருவதிலும் கூடுதல் காகிதங்கள். எல்பிஏவுக்கோ, சான்றளிக்க ஒரு மருத்துவரோ வழக்கறிஞரோ போதும்.

அப்பா 2023-இல் செய்தார். அதற்குள் கையெழுத்து யாராலும் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. நல்லவேளை, இப்போது அதைச் சிங்பாஸ் வழியாகவே செய்யலாம். மருந்தகத்தில் உட்கார்ந்து, ஆடும் கையில் ஃபோனைப் பிடிக்க முடியாமல், அம்மா பிடித்துக்கொள்ள, முகத்தைக் காட்டி உறுதிசெய்தார். மருத்துவர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகக் கேட்டார்: இது என்ன பத்திரம், யாரை நியமிக்கிறீர்கள், ஏன் என்று. கதவு முழுவதும் மூடவில்லை. அப்பாவின் குரல் மெலிந்துபோயிருந்தாலும் எனக்குக் கேட்டது. "என் மகளை. அவதான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கிறா."